மிரட்டல் நோயை விரட்டாது!

(முலுண்டில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



1896-இல் இதே பம்பாயில் பிளேக் பரவியது. மாண்டவியில் அதைக் கண்டறிந்து சொன்னவர் டாக்டர் அக்காசியோ வியேகாஸ். வெள்ளை அரசு என்ன செய்தது? 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் போட்டது. வீடு புகுந்து சோதனை. நோயாளியைப் பிடித்துச் செல்லல். மக்கள் நோயை மறைத்தார்கள், ஊரைவிட்டே ஓடினார்கள்.

123 ஆண்டுகள் கழித்து, கொரோனாவுக்கும் மராட்டிய அரசு எடுத்தது அதே சட்டத்தைத்தான். ஊரடங்கில் கூலி போயிற்று. நம்மவர் பலர் ஊர் திரும்பினர். 2020 ஏப்ரல் 1-இல் தாராவியிலும் நோய் தெரிந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம். தெருவுக்கே பொதுக் கழிப்பறை. விலகி இருப்பது எப்படி?

இங்கேதான் மாநகராட்சி வழியை மாற்றியது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், அங்கேயே தொழில் செய்யும் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனது. பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கவைத்துச் சோறு போட்டது. கழிப்பறைகளில் கிருமிநாசினி தெளித்தது. நோய் தணிந்தது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

மிரட்டினால் மக்கள் ஒளிப்பார்கள். சோறும் மருந்தும் தந்தால் முன்வருவார்கள். இதுதான் பாடம்.

ஆனால் தோழர்களே, பாராட்டு குடிதண்ணீர் ஆகாது! காற்றில்லாத அறையில் காசநோய் இன்றும் பரவுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மறைக்காதீர்கள். மாநகராட்சி மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். அதோடு காற்று வரும் வீடும், குழாய்த் தண்ணீரும், கழிப்பறையும் கேளுங்கள். அது பிச்சையல்ல, உரிமை!