காதலனுக்கு ஓர் ஊர் வேண்டும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தன்பாலீர்ப்புக் காதல் கதைகளில் காதலன் என்னும் பொருள் குறித்துப் பேச விழைகிறேன். ஓர் ஆணை மற்றோர் ஆண் நேசிக்கும் கதையில், நேசிக்கப்படுகிறவனை எவ்வாறு படைத்தால் வாசகர் நெஞ்சும் அவன்பால் சாயும் என்பதே என் வினா. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் இவ்வுறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் கண்ணியத்தோடு குறிப்பதற்குரிய சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. குற்றம் நீங்கிற்று, சொல்லும் கிடைத்தது. அச்சொல்லுக்கு உயிரூட்டும் பணி படைப்பாளிகளாகிய நம்முடையது.

நம் மாவட்டத்தார்க்கு இப்பொருளைக் கேட்டவுடன் கூவாகமும் கூத்தாண்டவர் திருவிழாவும் நினைவுக்கு வருவது இயல்பு. சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1994-இல் திருநங்கையர் வாழ்வைப் பெருவாரியான வாசகர்முன் வைத்தது. ஆனால் திருநங்கையர் கதை வேறு. ஆணாகவே வாழ்ந்து ஆணை விரும்புகிறவன் கதை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால் இருவர்க்கும் நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். ஆதலின் இன்று இரண்டாமவனைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

தமிழ் நாவலில் இவ்வுறவைத் துணிந்து எழுதிய முன்னோடி கரிச்சான் குஞ்சு. 1978-இல் வெளிவந்த 'பசித்த மானிடம்' நாவலில், பிறர் ஆதரவை நம்பி வளரும் கணேசனின் உடலைப் பிறர் தம் பசிக்கு இரையாக்குகின்றனர். பின்னர் தொழுநோயும் அவனைப் பற்றுகிறது. பெரிய நாவல் அது. எனினும் அங்கே உறவை நடத்துவது பெரிதும் பசியும் பணமும் ஆகும். காதலை எழுதுவது அந்நாவலின் நோக்கமன்று. அந்த இடத்தை நிரப்ப முனைகின்ற கதைகளிலோ இருவகைக் காதலரையே அதிகம் காண்கிறோம். ஒருவன் அழகன், நிறமும் புன்னகையும் உண்டு, ஊரும் தொழிலும் இல்லை. மற்றவன் துயரன், கதை முடியுமுன் சாவதற்காகவோ, வீட்டார் பார்த்த பெண்ணுக்குத் தாலி கட்டுவதற்காகவோ பிறந்தவன். முன்னவனை விரும்பலாம், நம்ப முடியாது. பின்னவனுக்காக அழலாம், அவனோடு வாழ்வதை எண்ணிப் பார்க்க முடியாது.

நம்பத்தக்க காதலனைப் படைக்கும் வழியை அறிய நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றினிடையே நிற்கும் கபிலர் குன்று நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாரியின் பிரிவு தாளாமல் கபிலர் உயிர்நீத்த இடம் அது என்பது மரபு. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. அதனைத் தொண்ணூற்றொன்பது பூக்களின் பாட்டென்று மட்டும் பள்ளியில் படித்து மறந்துவிடுகிறோம். உண்மையில் அது, ஒரு காதலன் ஏன் நம்பத்தக்கவன் என்பதைத் தோழி செவிலித்தாய்க்கு எடுத்துரைக்கும் பாட்டு.

தினைப்புனம் காத்த மகளிர்முன் வேட்டை நாய்களோடு ஒருவன் வருகிறான். அவனது குழலும் சந்தனமும் சூடிய மலரும் பாட்டில் வருகின்றன; மறுக்கவில்லை. ஆனால் தோழி தன் வழக்கை அவற்றின்மேல் நிறுத்தவில்லை. நாய்கள் பல்லைக் காட்டி நெருங்க, மகளிர் அஞ்சி எழுகின்றனர். அவன் மெல்ல அணுகி, தப்பிய விலங்கைக் கண்டீர்களோ என்று பணிவாக வினவுகிறான். விடை வரவில்லை. அவன் சினவாமல், நாய்களின் குரைப்பை அடக்கிவிட்டு, ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறான். பின்னர் மதயானை வருகிறது. அஞ்சி ஓடிவந்தவர்க்கு அவன் அரணாகிறான். அருவி நீரைப் பருகிச் சூளுரைக்கிறான். மாலையில் ஊர்த்துறை வரை கொண்டுவந்து விடுகிறான். அதன்பின் இரவுதோறும் வருகிறான், காவலர் விழித்திருந்தாலும், நாய் குரைத்தாலும், நிலவு வெளிப்பட்டாலும் கூட்டம் பெறாமல் திரும்புகிறான், அதற்காக வெறுப்பதில்லை.

அன்பர்களே, கையில் வில்லும் உடன் நாயும் உள்ளவன், எதிரில் இருப்பவரின் விடைக்காகக் காத்து நிற்கிறான். அவனது பேரழகு அதுதான். தன்பாலீர்ப்புக் காதல் கதைக்கு இதைவிடப் பொருந்தும் பாடம் இல்லை என்பது என் துணிபு. ஏனெனில் அக்கதையின் நிலமெங்கும் அச்சமே பரவியிருக்கிறது. வீட்டாரை அஞ்சி, ஊரை அஞ்சி, சில வேளை தன்னையே அஞ்சி வாழ்கிறவன் ஒருவன், எவன்முன் தன் அச்சம் சற்றே தணியக் காண்கிறானோ, அவனே காதலன். வாசகரும் அங்கேதான் அவனை விரும்பத் தொடங்குவர்.

அகப்பாட்டு கற்பிக்கும் மற்றொன்றும் உண்டு. அகத்தில் தலைவனுக்குப் பெயர் இல்லை. நாடன், வெற்பன், ஊரன், சேர்ப்பன் என நிலமே அவனுக்கு அடையாளம். மறைந்து காதலிக்கும் இருவர் கதைக்குப் பெயர் சொல்லா மரபு எத்துணைப் பொருத்தம்! பெயரை மறைக்கலாம், நிலத்தை மறைத்தால் ஆளே மறைந்துவிடுவான்.

பிறநாட்டு நாவல்களிலும் இதனைக் காணலாம். 1994-இல் வெளிவந்த சியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஆயின் கொழும்புத் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் அர்ஜியின் கதை. அவன் விரும்பும் சிங்கள மாணவன் செகான், பள்ளி விதியை மீறி முடி வளர்க்கிறான்; தலைமையாசிரியர் அதனை வெட்டுகிறார். செகான் எப்போதும் வீரனாகவே இருப்பதில்லை. ஒரு கட்டத்தில் தளர்ந்தும் போகிறான். அவனுக்காகவே அர்ஜி, விழாவில் ஒப்பிக்க வேண்டிய பாடல்களை வேண்டுமென்றே குழப்பிச் சொல்கிறான். அடங்கியே பழகிய ஒருவனிடம் துணிவைப் பிறப்பிக்கிறவனாகக் காதலன் அங்கே அமைகிறான். 1983 இனக்கலவரம் இருவரையும் பிரிக்கும்போது நமக்கு வலிப்பது, இருவர்க்கும் ஊர் இருந்தமையால்தான்.

இ.எம்.ஃபார்ஸ்டர் 1913-14-இல் எழுதிய 'மாரிஸ்', அவர் 1970-இல் மறைந்தபின் 1971-இல்தான் அச்சேறியது. அதில் நாயகனுக்கு இரு காதலர். முதல்வன் கிளைவ் கற்றவன், உயர்குடியினன். கிரேக்க நூல்களின் வழியே காதலித்து, பின்னர் திருமணத்துக்குள் ஒதுங்கிவிடுகிறான். இரண்டாமவன் அலெக், பண்ணையில் வேட்டைக்காவல் பார்ப்பவன். அவனுக்கு வேலை உண்டு, மேல்தட்டினர்மீது ஐயமும் சினமும் உண்டு, கடல்கடந்து போகும் திட்டமும் உண்டு. அக்கப்பலைத் தவறவிட்டு அவன் தங்கிவிடும்போது, விட்டுக்கொடுத்தது இன்னதென்று நமக்குத் தெரிகிறது. இழப்பதற்கு ஏதும் இல்லாதவன் காதலுக்காக எதை இழந்தான் என்று காட்ட முடியும்?

இனி நம் மண்ணுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் கதையின் காதலன் ஒரு மரச்சிற்பி என்று கொள்வோம். அவன் விரல் அழகை வருணிப்பதினும், உளியை வைக்குமுன் மரத்தின் ஓட்டத்தை அவன் தடவிப் பார்ப்பதை எழுதுங்கள். அவசரப்பட்டால் மரம் பிளக்கும் என்று அவன் இயல்பாகச் சொல்லட்டும். காதலில் அவன் எத்தகையவன் என்பதை வாசகரே உணர்ந்துகொள்வர். அவனுக்குக் குறையும் இருக்கட்டும். வாக்களித்த நாளில் வேலையை முடிக்காதவனாக, தாயிடம் பொய் சொல்லிவிட்டு வெளியே வருகிறவனாக இருக்கட்டும்.

கல்வராயன் மலையிலிருந்து ஒருவனைக் கொண்டுவருவோர்க்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சமவெளிக் கதைகளில் மலைவாழ் இளைஞன் ஒன்று சூதறியாத் தேன்குழந்தை. அல்லது சாராயம் காய்ச்சுகிறவன். சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி, வெள்ளிமலையிலிருந்து பேருந்து பிடித்துப் படிக்க வருகிறவனுக்கும் தன் விருப்பம் என்று ஒன்று உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்குக் கதையில் ஓரிடத்திலேனும் இருக்க வேண்டும். அஃது இல்லையேல் அவன் காதலன் ஆகான். சமவெளிக்காரனின் ஆசைக்கு வைத்த பொம்மையே ஆவான்.

பேச்சையும் கவனியுங்கள். நம் பக்கத்து இளைஞர் ஒருவரையொருவர் 'மச்சான்', 'மாப்ளே' என்றே அழைக்கின்றனர். திருமண உறவின் சொற்கள் நட்பில் தாராளமாகப் புழங்குகின்றன. நாள்தோறும் அவ்வாறு அழைத்தவன் ஒருநாள் அச்சொல்லை எடுக்கக் கூசி நின்றால், அந்த ஒரு தயக்கம் போதும். பக்கம்பக்கமாக வருணனை வேண்டாம்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகமரபில் களவு கற்பாக மலர வேண்டும். இக்காதலர்க்குக் கற்பு என்னும் வாயில் இன்னும் திறக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் திருமண உரிமை வழங்க மறுத்தது. ஆயினும் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், இரு பெண்களைப் பற்றிய வழக்கில், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறியது. எனவே சாவையும் பிரிவையும் மட்டுமே முடிவாக எழுதும் கட்டாயம் நமக்கு இல்லை. ஃபார்ஸ்டர், குற்றமென்று சட்டம் சொன்ன காலத்திலேயே தம் காதலர் இருவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். நமக்கு அத்துணிவு கூடவா இயலாது?

குறிஞ்சிப்பாட்டின் துறை அறத்தொடு நிற்றல். காதலர் பேச முடியாத இடத்தில், அவர்கள் அன்பு அறத்தின்பாற்பட்டது என்று தோழி எடுத்துரைக்கிறாள். இவ்விருவர் கதையில் அத்தோழி யார்? அக்காளோ, உடன் படித்தவனோ, தேநீர்க் கடைக்காரரோ, யாரேனும் ஒருவர் கதைக்குள் இருக்கலாம். எவருமே இல்லாத கதையில் எழுதுகிறவரே அவ்விடத்தில் நிற்க வேண்டும். சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ தன்னைப் போல் வேறெவரும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞன் கையில் நம் கதை சேரக்கூடும். நேசிக்கத்தக்க ஒருவன் தன் ஊரிலேயே, தன் மொழியிலேயே இருக்கக்கூடும் என்று அவன் அறிந்துகொள்ளட்டும். அத்தகைய கதையொன்று இவ்வட்டத்திலிருந்து எழ வேண்டும் என்று விழைகிறேன்.