வேலை தேடுவோர்க்கு ஒரு வழித்துணை

வேலையின்மையைப் பற்றிப் பேசும்போது இரண்டு எண்ணிக்கைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, வேலை வேண்டுவோரின் தொகை. மற்றொன்று, வேலை இடங்களின் தொகை. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு பாதை உண்டு. அப்பாதையை எல்லோரும் ஒரே விதமாகக் கடப்பதில்லை.

பாதையைச் செப்பனிட அரசு மேற்கொண்ட முயற்சிகள் பல. போர்ப்பணி முடிந்து திரும்பிய படைவீரர்களின் மறுவாழ்வுக்காக 1945-இல் ஏற்பட்ட வேலைவாய்ப்பு அமைப்பு, பின்னர் பொதுமக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டது. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. 2015-இல் கணினிவழி தேசிய வேலைவாய்ப்புச் சேவை தொடங்கப் பெற்றது. இவற்றுள் சில செய்தியை அளித்தன. சில திறமையை அளித்தன. இரண்டும் இன்றியமையாதவை. ஆனால் இரண்டும் கிடைத்த பின்னரும் வாயிலிலேயே நின்றுவிடுவோர் உண்டு.

கூலி வேலை செய்யும் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக் கல்வியை முடித்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். எந்தச் சான்றிதழை எந்த அலுவலகத்தில் பெறுவது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், அயலூரில் எங்கே தங்குவது, முதற்சம்பளம் கைக்கு வரும் வரை எதைக் கொண்டு உண்பது என்பன அவளுக்குப் புதிர்கள். சம்பளத்தில் வைப்பு நிதிக்காகப் பிடிக்கப்படும் தொகை தனக்கே திரும்பி வரும் சேமிப்பு என்பதைக்கூட ஒருவர் சொன்னால்தான் அவள் அறிவாள். அலுவலர் வீட்டுப் பிள்ளை இவற்றையெல்லாம் உணவு வேளைப் பேச்சிலேயே கற்றுக்கொள்கிறான். இந்த அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. உறவிலும் பழக்கத்திலும் இருக்கிறது. ஏழைக்கு இல்லாதது திறமை மட்டுமன்று, கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லை.

அந்த ஆளாக விளங்குபவரே வழிகாட்டி. தொழிலைக் கற்பிக்க ஒருவர் வேண்டும் என்பதைச் சட்டம் முன்பே உணர்ந்திருந்தது. முதலாளிக்கே அத்தொழிலில் தகுதி இல்லையெனில், தகுதியுடைய ஒருவரின் பொறுப்பில் பழகுநரை விட வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தொழிலுக்கு வெளியே எழும் தடைகளுக்கும் இத்தகைய ஒருவர் வேண்டும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

1992-இல் தோன்றிய பாரதீய யுவ சக்தி அறக்கட்டளை, சுயதொழில் தொடங்கும் இளைஞர் ஒவ்வொருவருக்கும் அனுபவம் வாய்ந்த ஒருவரைத் தொண்டராகத் துணை சேர்த்தது. 2011-இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில், சுய உதவிக் குழுவின் மூலம் வறுமையினின்று மீண்ட பெண்களே பிற ஊர்களுக்குச் சென்று புதிய குழுக்களை அமைத்தனர். அதே நிலையிலிருந்து வந்தவர் சொல்லும் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அதிகாரி சொன்னால் ஆணை. அண்டை ஊர்ப் பெண் சொன்னால் நம்பிக்கை.

2014-இல் ஊரக ஏழை இளைஞர்களுக்காக வந்த தீனதயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா மற்றொரு பாடத்தையும் ஏற்றுக்கொண்டது. பயிற்சி அளித்து வேலையில் அமர்த்துவதோடு பணி முடிவதில்லை. ஆகவே வேலையில் அமர்ந்த பின்னரும் உதவி தொடரவும், நகரங்களில் இடம்பெயர்வோர்க்கு உதவி மையங்கள் அமையவும் அதில் வழி செய்யப்பட்டது. முதற்சில மாதங்களே மிகக் கடினமானவை. வாடகை, உணவு, தனிமை, மொழி, மேற்பார்வையாளரின் கடுஞ்சொல் ஆகிய அனைத்தும் ஒருசேரத் தாக்கும். அப்போது பேசுவதற்கு ஒருவர் இருந்தால் பலர் நிலைத்திருப்பர். இல்லையேல் ஊர் திரும்புவர்.

எச்சரிக்கைகளும் தேவை. வழிகாட்டுதல் வேறு, சிபாரிசு வேறு. சிபாரிசு தகுதியுள்ள மற்றொருவரின் இடத்தைப் பறிக்கிறது. வழிகாட்டுதலோ தகுதியுள்ளவர் தம் இடத்தை அடையச் செய்கிறது. வழிகாட்டி கடிதம் கொடுப்பவராகவோ தரகராகவோ மாறினால் திட்டமே கெடும். மேலும், இல்லாத வேலையை எந்த வழிகாட்டியாலும் உண்டாக்க முடியாது. முதலீடும் உற்பத்தியும் பெருகாத இடத்தில், ஏமாற்றத்தை இனிய சொற்களால் மூடுவதாகவே அது முடியும். சாதி அல்லது பாலின வேறுபாட்டினால் வேலை மறுக்கப்படும்போது, இளைஞரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது வழிகாட்டுதலன்று; முறையீட்டுக்கு உரிய இடத்தைக் காட்டுவதே கடமை.

மாவட்டங்களில் பொறுப்பேற்கும் இளம் அலுவலர்கள் செய்யக்கூடியவை எளியவை. ஒரு வழிகாட்டியிடம் அளவுக்கு மீறிப் பெயர்களை ஒப்படைக்கலாகாது. அவர் செலவிடும் நேரமும் பயணமும் பணியாகக் கணக்கிடப்பட வேண்டும். முன்னர் பயிற்சி பெற்று வேலையில் நிலைத்தவர்களை அடுத்த அணிக்குத் துணையாக அழைக்க வேண்டும். பதிவேட்டில் வேலையில் அமர்ந்த நாளோடு, ஆறு மாதம் கழிந்த நிலையும் எழுதப்பட வேண்டும்.

ஓர் இளைஞர் இரண்டாம் மாதமே ஊர் திரும்பினால் பதிவேட்டில் ஒரு வரி மட்டுமே மாறுகிறது. ஆனால் அவர் வீட்டில், படிப்பினால் பயனில்லை என்ற முடிவு உறுதியாகிறது. அடுத்து வரும் தங்கையின் பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றுவிடக்கூடும். அந்த முடிவைத் தடுக்க வல்லது, தக்க வேளையில் துணை நிற்கும் ஒரு மனிதரின் சொல்.