சின்ன முன்னறைக்கு எந்த ஆம்பிளிபயர்?



தீபாவளிப் பணம் கைக்கு வரும் காலத்தில், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "தொலைக்காட்சிப் பெட்டி பெரிதாக இருக்கிறது, சத்தம்தான் போதவில்லை. சரவுண்ட் சவுண்ட் ஆம்பிளிபயர் ஒன்று வாங்கினால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தந்தை யோசிப்பார். தாய் கணக்குப் பார்ப்பார். பிறகு தவணைக் கடையின் விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு, "வாத்தியாரே, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று எங்களிடம் வருவார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் அவர்களுக்குச் சொல்லும் விளக்கத்தையே இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

ஒலிக் கருவிகள் நமக்குப் புதியவை அல்ல. 1963 டிசம்பர் 28 ஆம் நாள் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1978 இல் வண்ணப் படம் வந்தது. 1972 இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தபோது முதலில் வந்த ஆலைகளுள் கார் வானொலி செய்யும் கிளாரியன் நிறுவனமும் ஒன்று. அதன்பின் பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டு, விடியற்காலையில் ஆலைப் பேருந்து ஏறிய பெண்கள் எத்தனையோ பேர். இன்று கடையில் காணும் யமாஹா ஆம்பிளிபயர்கள் பலவற்றின் முதுகில் 'மலேசியாவில் செய்யப்பட்டது' என்ற முத்திரை இருக்கும். பேராக் மாநிலத்துச் செம்மோரில் உள்ள ஆலையில் அவை உருவாகியிருக்கின்றன. ஆகவே, நம் மக்களின் கை பட்ட பொருளைக் கண்டு நாம் மிரளவேண்டியதில்லை. ஆனால் விவரம் தெரிந்து வாங்கவேண்டும்.

முதலில் சரவுண்ட் சவுண்ட் என்றால் என்ன என்று பார்ப்போம். தமிழில் அதைச் சூழொலி எனலாம். சாதாரணக் கருவியில் இடம், வலம் என இரண்டு ஸ்பீக்கர்கள். சூழொலியில் ஐந்தும் ஒன்றும். முன்பக்கம் இடம், வலம், நடு என மூன்று; நமக்கு இரு பக்கமும் இரண்டு; தரையில் தடித்த ஓசைக்கென்று தனிப் பெட்டி ஒன்று. இதைத்தான் கடைக்காரர் 'ஐந்து புள்ளி ஒன்று' என்கிறார். இந்த முறை திரையரங்கிலிருந்து வீட்டுக்கு வந்தது. 1995 இல் வெளிவந்த கமல்ஹாசனின் குருதிப்புனல் படத்திலேயே டால்பி சூழொலி முறை கையாளப்பட்டது. திரையரங்கில் மழை நம் முதுகுப் பக்கம் பெய்வதுபோல் தோன்றுகிறதல்லவா? அது பக்கத்து ஸ்பீக்கர்களின் வேலை. கதாபாத்திரம் பேசும் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

ஆனால் திரையரங்கு வேறு, நம் முன்னறை வேறு. லயத்து வீடானாலும் சரி, தாமானில் உள்ள சிறிய வரிசை வீடானாலும் சரி, முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தால் பெரிது. அதற்குள் நாற்காலி, சாமி மாடம், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் இருக்கவேண்டும். ஆகவே நாங்கள் முதலில் சொல்வது இதுதான்: கருவிக்கு ஏற்ற அறையைத் தேடாதீர்கள், அறைக்கு ஏற்ற கருவியைத் தேடுங்கள்.

கடைக்குப் போனவுடன் நம் கண்ணில் படுவது வாட் என்னும் எண். 'ஆயிரம் வாட்', 'இரண்டாயிரம் வாட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அருகில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருக்கும். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டுவதாகச் சொல்லும் கணக்கு. அதை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது. ஆர்.எம்.எஸ். என்ற கணக்கில், 8 ஓம் ஸ்பீக்கருக்கு, ஒரு வழிக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். அதுவே தொடர்ந்து கிடைக்கும் சக்தி.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கருவியின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். மின்சாரம் எத்தனை வாட் எடுத்துக்கொள்ளும் என்று அதில் அச்சிட்டிருக்கும். அறுபது வாட் எடுத்துக்கொள்ளும் பெட்டி ஆயிரம் வாட் ஓசையைத் தொடர்ந்து கொடுக்க முடியுமா? ஒரு வாளி தண்ணீர் ஊற்றிய தொட்டியிலிருந்து பத்து வாளி மொள்ள முடியாது. படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துப் போனால் இந்த மோசடியை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, நமக்கு எத்தனை வாட் வேண்டும்? ஒலியின் அளவை டெசிபல் என்கிறோம். நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். ஸ்பீக்கரின் தாளில் 88 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு ஒலி கேட்கும் என்பது பொருள். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது ஏறத்தாழ 80 ஆகும். அதாவது ஒரு வாட்டே நம் பேச்சைவிட மிக உரக்க ஒலிக்கும்! வாட்டை இருமடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 50 வாட் கருவிக்கும் 100 வாட் கருவிக்கும் உள்ள வேறுபாடு விலையில் தெரியுமே தவிர, நம் சின்ன அறையில் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. வழிக்கு 30 முதல் 50 வாட் உண்மையாகவே கிடைத்தால் அது தாராளம். மிச்சப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள்.

இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வழக்கமான சூழொலி ஆம்பிளிபயர் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். மெல்லிய வகைகளும் உண்டு. 2019 இல் வந்த மராண்ட்ஸ் நிறுவனத்தின் என்.ஆர். 1510 என்னும் கருவி அவ்வகையது: உயரம் ஏறத்தாழ பத்தரை சென்டிமீட்டர், ஐந்து வழி, வழிக்கு 50 வாட். அது விலை கூடிய பொருள். அளவு தெரிவதற்காகச் சொல்கிறோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயரம் குறைந்தாலும் அகலமும் ஆழமும் குறைவதில்லை. அகலம் 44, ஆழம் 38 சென்டிமீட்டர் வரை வந்துவிடும். பின்னால் கம்பிகளுக்கு நான்கு விரற்கடை இடம் வேண்டும். மூச்சு விடுவதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும். தகரக் கூரையின் கீழ், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்து மூடினால் கருவி புழுங்கிக் கெடும். அதன்மேல் துணி விரித்துப் பூச்சாடி வைப்பதும் வேண்டாம். கடைக்குப் போகுமுன் மேசையை நூல் பிடித்து அளந்துகொண்டு போங்கள்.

எத்தனை வழி வேண்டும் என்ற கேள்விக்கு, ஐந்து போதும் என்போம். ஏழு வழி, கூரையிலிருந்து ஒலி என்பனவெல்லாம் பெரிய அறைக்கு உரியவை. தொலைக்காட்சியிலிருந்து ஒரே கம்பியில் ஒலி வருவதற்கு எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்ற துளை இரண்டிலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் அன்றாடம் பார்க்கும் நாடகங்களும் பாட்டு நிகழ்ச்சிகளும் பெரும்பாலும் இரு வழி ஒலியே. புதிய திரைப்படங்களில்தான் சூழொலி முழுமையாக வரும். வீட்டில் படம் பார்ப்பது குறைவென்றால், இரண்டு நல்ல ஸ்பீக்கரும் சிறிய ஆம்பிளிபயரும் போதுமானவை. கம்பி இழுக்க இடமே இல்லையென்றால், தொலைக்காட்சியின் கீழ் வைக்கும் நீண்ட ஒலிப்பட்டை ஒன்றே போதும். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

வாங்கியதை வைக்கும் முறையில்தான் பாதிப் பயன் இருக்கிறது. முன்பக்க இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள தூரமும், அவற்றிலிருந்து நாம் உட்காரும் இடத்துக்கு உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். நடு ஸ்பீக்கர் தொலைக்காட்சிக்குக் கீழே, காதை நோக்கிச் சற்று நிமிர்ந்து இருக்கட்டும். நம் நாற்காலி பெரும்பாலும் பின்சுவரை ஒட்டியே இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடம் இராது. கவலை வேண்டாம். அவற்றை இரு பக்கச் சுவரிலும், உட்கார்ந்தவர் காதுக்கு ஓரடி மேலே மாட்டுங்கள். சிவப்புக் கம்பி சிவப்பிலும், கறுப்புக் கம்பி கறுப்பிலும் சேரவேண்டும். ஒன்றில் மாறிப்போனால் தடித்த ஓசை மெலிந்து, பாடுவோர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. சிமெண்டுத் தரையும் பலகைச் சுவரும் எதிரொலிக்கும். ஒரு பாயும் திரைச்சீலையும் அதைக் குறைக்கும்.

வீட்டில் காது மந்தமான பாட்டியோ தாத்தாவோ இருந்தால் மொத்தச் சத்தத்தையும் ஏற்றாதீர்கள். பேச்சு நடு ஸ்பீக்கரில் வருகிறது என்று சொன்னோமல்லவா? அதைமட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டினால் போதும். பேச்சுத் தெளியும், வெடிச்சத்தம் கூடாது.

அடுத்த வீட்டாரைப் பற்றியும் நினைக்கவேண்டும். லயத்திலும் வரிசை வீட்டிலும் இரு குடும்பத்துக்கும் சுவர் ஒன்றே. மெல்லிய ஓசையைச் சுவர் ஓரளவு தடுக்கும். தடித்த ஓசையைத் தடுக்காது. நம் வீட்டில் படம் முடியும் நேரத்தில், விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டியவர் அந்தப் பக்கம் புரண்டுகொண்டிருப்பார். தடித்த ஓசைப் பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் துண்டு இடுங்கள். பல கருவிகளில் இரவு நேரத்துக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அது உரத்த ஓசையை அடக்கி, மெல்லிய பேச்சை உயர்த்திக் கொடுக்கும். வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேளுங்கள். வகுப்பில் தலை சாய்ந்து தூங்கும் பிள்ளையை எழுப்பிக் கேட்டால், "பக்கத்து வீட்டிலே படம் ஓடிச்சு சார்" என்ற பதிலை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

நம் பிள்ளைகளின் காதுக்கும் ஓர் அளவு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. நம் அறையில் ஒரு வாட்டுக்கே 80 வந்துவிடும் என்று கணக்கிட்டோம். காதின் உள்நரம்பு ஒருமுறை கெட்டால் மீண்டும் வளராது.

பாதுகாப்பைப் பற்றி மூன்று செய்திகள். ஒன்று, சிரிம் முத்திரை உள்ள பொருளையே வாங்குங்கள். இரண்டு, பழைய ஜப்பானியச் சாமான் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட்டு, நம் நாட்டில் 230 வோல்ட்டு. தகட்டைப் பாராமல் செருகினால் புகைதான் மிஞ்சும். மூன்று, பிற்பகலில் இடி மின்னல் தொடங்கினால் மின்செருகியையும் ஏரியல் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள்.

இனிப் பணக் கணக்கு. கருவியின் ரொக்க விலை 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். "மாதம் 65 வெள்ளிதானே" என்பார் விற்பவர். 24 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 1,560 வெள்ளி. கூடுதல் 360. 2025 இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. மாதத்துக்கு 26 நாள் வேலை என்றால் நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. அப்படியானால் அந்த 360 வெள்ளி என்பது ஐந்தரை நாள் செம்பனைக் குலை அறுத்த கூலி. எட்டு மாதம் சேமித்து ரொக்கமாக வாங்கமுடியுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். எழுதப்படாத தாளில் கையெழுத்திடாதீர்கள். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பையிலேயே வையுங்கள். பொருள் பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால், 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி முறையிடலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. 1969 இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

கடையில் கருவியைக் கேட்டுப் பார்க்கும்போது, சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த ஒலியில் பேச்சு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுகிறதா? விழுந்தால் அது நம் அறைக்கு ஏற்றது. உரக்கக் கத்தும்போது மட்டும் நன்றாக இருக்கும் கருவி நமக்கு உதவாது.

நேயர்களே, அறையை அளங்கள், தகட்டைப் படியுங்கள், தாழ்ந்த ஒலியில் கேளுங்கள், தவணையைப் பெருக்கிப் பாருங்கள். இந்த நான்கையும் செய்த பிறகு வாங்குவதும், வேண்டாமென்று திரும்பி வருவதும் உங்கள் விருப்பம். இரண்டும் அறிந்து செய்த முடிவாகவே இருக்கும்.