ஆளில்லாப் பீடபூமியில்

ஐரோப்பாவுக்குச் சென்று திரும்பிய ஒருவரிடம், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பாரிஸ் மாநகரின் ஈஃபல் கோபுரத்தைப் பற்றிச் சொல்வார். ரோமாபுரியின் பழைய அரங்கத்தைப் பற்றிச் சொல்வார். வெனிஸ் நகரத்துப் படகுகளைப் பற்றிச் சொல்வார். இன்னும் சற்றுப் பேசவிட்டால், அவற்றையெல்லாம் பார்ப்பதற்கு எத்தனை மணி நேரம் வரிசையில் காத்து நின்றார் என்பதையும் சொல்லிவிடுவார். மலையேறும் விருப்பத்தோடு ஆல்ப்ஸ் மலைக்குச் செல்கிறவர்களின் அனுபவமும் பெரும்பாலும் இதுவே. புகழ் பெற்ற சிகரங்களின் அடியில் கோடைக்காலத்தில் திருவிழாக் கூட்டம் கூடிவிடுகிறது.

அப்படியானால், காலை முதல் மாலை வரை நடந்தும் வேறொரு மனிதர் எதிர்ப்படாத இடம் ஐரோப்பாவில் உண்டா? உண்டு. அத்தகைய ஓர் இடத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நான் நடந்து பார்த்தேன். அங்கே நான் கண்டதையும், காணப் போய்க் காணாமல் திரும்பியதையும் மாணவ நண்பர்களாகிய உங்களிடம் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நார்வே நாட்டின் தென்பகுதியில், தலைநகரான ஆஸ்லோவுக்கும் மேற்குக் கடற்கரையிலுள்ள பெர்கன் துறைமுகத்துக்கும் இடையே, ஹார்டாங்கர்விட்டா என்னும் பீடபூமி இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 6,500 சதுரக் கிலோமீட்டர். கடல் மட்டத்துக்குச் சராசரி 1,100 மீட்டர் உயரத்தில் அது விரிந்து கிடக்கிறது. அதில் 3,422 சதுரக் கிலோமீட்டர் நிலத்தை 1981-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். மலைநாடு என்றவுடன் வானளாவும் கூரிய சிகரங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். பண்டைக்காலத்தில் தேய்ந்து மழுங்கிப்போன நிலம் அது. உயரமும் குளிரும் காரணமாக அங்கே மரங்கள் வளர்வதில்லை. பாறையும், பாறைமேல் படர்ந்த கற்பாசியும், எண்ணிறந்த ஏரிகளும் ஓடைகளுமே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரிகின்றன. அந்தச் சமவெளியின் நடுவே, தொப்பியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு தனிப்பாறை மலை எழுந்து நிற்கிறது. ஹோர்ட்டெய்கன் என்பது அதன் பெயர். உயரம் 1,690 மீட்டர். பல நாள் நடைத் தொலைவிலிருந்தும் வழிப்போக்கர்களுக்கு அடையாளமாக நின்ற மலை அது.

இதே பீடபூமியின் மேற்கு விளிம்பில் ட்ரோல்துங்கா என்னும் பாறை ஒன்று உண்டு. 'பூதத்தின் நாக்கு' என்பது அப்பெயரின் பொருள். ஏரிக்கு மேலே ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. 2010-ஆம் ஆண்டில் ஆயிரம் பேர்கூட அங்கே செல்லவில்லை என்கிறார்கள். அதன் நுனியில் நின்று எடுத்த புகைப்படங்கள் உலகெங்கும் பரவியபின், 2016-ஆம் ஆண்டில் சென்றவர் தொகை 80,000 ஆயிற்று! நடுவில் ஆறே ஆண்டுகள். ஆனால் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் படம் எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பீடபூமி முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கிறது.

வெறிச்சோடிக் கிடக்கும் நிலம் வீண் நிலம் அன்று. துருவ ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஒரு பயிற்சிக் கூடமாக இருந்திருக்கிறது. தென் துருவத்தில் 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் முதன்முதலாகக் கால் வைத்த ரோவால்ட் அமுண்ட்சென், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1896-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், தம் சகோதரர் லியோனுடன் பனிச்சறுக்குக் கட்டைகளில் இந்தப் பீடபூமியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்க முயன்றார். புயல் அவர்களை வழி தவறச் செய்தது. உணவு பனியில் புதைந்து தொலைந்தது. ஓர் இரவு அமுண்ட்சென் உறக்கப்பையோடு பனிக்குள் உறைந்து சிக்கிக்கொள்ள, அவர் சகோதரர் தோண்டி எடுத்துக் காப்பாற்றினார். அவர்கள் அடைய விரும்பிய பண்ணைவீட்டின் மிக அருகே வரை சென்று, அதை அறியாமலேயே திரும்பிவிட்டார்கள் என்பது பின்னர் தெரியவந்ததாக அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். துருவத்தை வென்றவரையும் இந்த நிலம் ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இதே வெறுமை நார்வே வீரர்களுக்கு அரணாயிற்று. 1942-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நால்வர் இங்கே விமானத்திலிருந்து குதித்தார்கள். கற்பாசியைத் தின்றும், பின்னர்த் துருவமானை வேட்டையாடியும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் வேறு சிலர் வந்து சேர, பீடபூமியின் அருகிலுள்ள வேமோர்க் ஆலையில் ஜெர்மானியர் கைவசமிருந்த கனநீர் உற்பத்திச் சாதனங்களை அவர்கள் தகர்த்தார்கள். அப்பணியில் அவர்களில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

இத்தகைய நிலத்தில் நடக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். யாரிடமும் வேண்டுவதில்லை. பயிரிடாத வெளிநிலத்தில் எவரும் காலால் நடக்கலாம், தங்கலாம் என்பது நார்வேயின் பழைய வழக்கம். 1957-ஆம் ஆண்டில் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மனிதர் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளிக் கூடாரம் அடிக்க வேண்டும். நிலத்தைக் கெடுக்காமல், எதையும் விட்டுச் செல்லாமல் போக வேண்டும். இவையே முக்கியமான நிபந்தனைகள்.

கூடாரம் இல்லாதவர்களுக்கு மலைக்குடில்கள் இருக்கின்றன. 1868-ஆம் ஆண்டில் தோன்றிய நார்வே மலைப்பயணச் சங்கம் நாடெங்கும் 550-க்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. சிலவற்றில் பணியாளர்கள் உண்டு. பலவற்றில் யாரும் இல்லை. சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு பொதுச் சாவி தருகிறார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை, நானும் என் நண்பரும் பீடபூமியின் தென்கோடியிலுள்ள ஹவுக்கெலிசேட்டர் என்னும் இடத்திலிருந்து புறப்பட்டோம். பாறைகளின் மேல் சிவப்பு வண்ணத்தில் 'டி' என்னும் ஆங்கில எழுத்தைத் தீட்டியிருக்கிறார்கள். ஓர் அடையாளத்தில் நின்று அடுத்த அடையாளத்தைத் தேடிச் செல்வதே அங்கே பாதை. மாலையில் ஹெல்லெவாஸ்பு என்னும் குடிலை அடைந்தோம். சாவியால் கதவைத் திறந்தோம். உள்ளே கட்டில்கள், விறகு, அடுப்பு, அலமாரி நிறைய உணவு. டப்பாவில் அடைத்த மீன், மொறுமொறுப்பான ரொட்டி, பருப்பு, காப்பிப்பொடி, எல்லாம் இருந்தன. எடுத்ததை நாமே கணக்கெழுதிப் பணம் செலுத்த வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. புறப்படும்போது தரையைப் பெருக்கி, அடுத்து வருகிறவருக்காக விறகு பிளந்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செல்வது வழக்கம். முகம் அறியாத ஒருவர் முந்தைய நாள் பிளந்து வைத்த விறகில் நாங்கள் குளிர் காய்ந்தோம். அன்றிரவு எங்களோடு தங்கிய ஒரே வழிப்போக்கர் எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையார். தனியாகவே நடந்து வந்திருந்தார்.

மறுநாள் லிட்லோஸ் என்னும் குடிலுக்குச் சென்றோம். அதற்கடுத்த நாள்தான் ஹோர்ட்டெய்கன் மலையில் ஏறுவதாகத் திட்டம். நான் அத்தனை தூரம் பிரயாணம் செய்ததே அந்த மலைக்காகத்தான் என்று சொன்னால் மிகையாகாது. தெளிந்த நாளில் அதன் உச்சியிலிருந்து பீடபூமி முழுவதையும் காணலாம் என்று படித்திருந்தேன்.

காலையில் வானம் தெளிவாகவே இருந்தது. இரண்டு மணி நேரம் நடந்திருப்போம். மேற்கிலிருந்து மூடுபனி எழுந்தது; கால் மணி நேரத்துக்குள் எங்களைச் சூழ்ந்துகொண்டது. மலை மறைந்தது, அடுத்த சிவப்பு அடையாளமும் மறைந்தது. நண்பர், "திரும்பிவிடலாம்" என்றார். நான் இணங்கவில்லை. "இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம். நீங்கள் இந்த அடையாளத்தின் அருகிலேயே நில்லுங்கள். நான் முன்னே சென்று அடுத்ததைத் தேடிவிட்டுக் குரல் கொடுக்கிறேன்" என்று சொல்லி நடந்தேன்.

ஐம்பது அடி சென்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அதைவிட அதிகம் சென்றிருக்க வேண்டும். காலடியில், கோடையிலும் உருகாது கிடந்த பனித்திட்டு ஒன்று. அதன்மேல் நான்கு அடி வைத்தபின், அடியில் நீர் ஓடும் ஓசை கேட்டது. மேலே மெல்லிய பனிக்கூரை, கீழே ஓடை! அப்படியே நின்றேன். திரும்பிப் பார்த்தால் நண்பர் தெரியவில்லை. கூவினேன், காற்று என் குரலை வேறு பக்கம் கொண்டு சென்றது. நானே பனியில் பதித்த நான்கு காலடிகளின்மேல் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் பாறைக்கு வந்தேன். அங்கேயே உட்கார்ந்து, இடைவிடாமல் கூவிக்கொண்டிருந்தேன். திசைகாட்டி நண்பரின் பையில் இருந்தது. வரைபடமும் அவரிடமே இருந்தது. அறிவுள்ளவன் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது நிமிடங்களுக்குப் பின் காற்றுச் சற்று அடங்க, நண்பரின் குரல் கேட்டது. அக்குரலைப் பற்றிக்கொண்டு சென்றேன். இருவரும் பேசாமல் திரும்பி நடந்தோம்.

லிட்லோஸ் குடிலில் அந்த அம்மையார் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். நான் வெட்கத்தோடு நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் கூறவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. குடிலின் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் அதில் எழுதிவைக்க வேண்டும். யாராவது காணாமற் போனால் தேடுவதற்கு அது உதவும். "எங்கே திரும்பினீர்கள், ஏன் திரும்பினீர்கள் என்று எழுதுங்கள், அடுத்து வருகிறவர் தெரிந்துகொள்ளட்டும்" என்றார். பின்பு முந்தைய பக்கங்களைப் புரட்டிக் காட்டி, சில வரிகளுக்கு எனக்குப் பொருள் சொன்னார். மூடுபனி, திரும்பினோம். ஓடையில் வெள்ளம், திரும்பினேன். புயற்காற்று, திரும்பினோம். எத்தனையோ கைகள் எழுதிய எழுத்துக்கள்! அவற்றின் கீழே நானும் ஒரு வரி எழுதினேன்.

நார்வே நாட்டில் மலைக்குச் செல்வோருக்கான ஒன்பது விதிகள் உண்டு. 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் பதினெட்டுப் பேர் மலைகளில் உயிரிழந்தபின், அத்தகைய விதிகளை நாடெங்கும் மக்களிடையே பரப்பினார்கள். காலத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அவற்றுள் எட்டாவது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த அந்த விதி, இத்தனை வயதான எனக்கு ஒரு பனித்திட்டின்மேல் நின்றபோதுதான் விளங்கிற்று.

எச்சரிக்கை மனிதருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டுத் துருவமான் கூட்டம் வாழும் இடம் இப்பீடபூமி. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒரே இடியுடன் கூடிய மழையில் மின்னல் தாக்கி 323 மான்கள் அங்கே மாண்டன. காலங்காலமாக அந்நிலத்தை அறிந்த விலங்குகளுக்கே இந்தக் கதி என்றால், நேற்று வந்த நாம் எம்மாத்திரம்? இந்த மான்கள் மனிதரைத் தொலைவில் கண்டாலே மேய்ச்சலை விட்டு ஓடும் இயல்புடையவை. 2021-ஆம் ஆண்டில் அருகிவரும் நிலையை நெருங்கிய உயிரினமாக அவற்றை நார்வே தன் பட்டியலில் சேர்த்தது. கூட்டமில்லாத இடம் என்று நாம் சொல்வது, மனிதக் கூட்டம் இல்லாத இடத்தைத்தான். அது வேறோர் உயிரின் வீடு. அங்கே குரலை அடக்கிக்கொண்டு, பாதையை விட்டு அலையாமல் நடப்பது விருந்தினரின் கடமையாகும்.

உங்களில் சிலருக்கு என்றாவது அங்கே செல்லும் வாய்ப்புக் கிடைக்கலாம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஏற்ற காலம். அதற்கு முன் சென்றால் பனி உருகியிராது. ஓடைகளுக்குக் குறுக்கே கோடைக்கென்று வைக்கும் பாலங்களும் இரா. நார்வேயில் செலவு அதிகம். கூடாரம் கொண்டு சென்றால் குறையும். கோடையிலும் கம்பளி உடையும் மழைக்காப்பு உடையும் வேண்டும். கைபேசியை நம்பி மட்டும் இறங்காதீர்கள். பல இடங்களில் தொடர்பு கிடைக்காது, குளிரில் மின்கலமும் விரைவில் தீரும். வரைபடமும் திசைகாட்டியும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். நண்பரின் பையில் இருந்தால் போதாது!

ஹோர்ட்டெய்கன் மலையின் உச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த இடங்களில் கற்க முடியாத ஒன்றை அங்கே கற்றேன். கூட்டத்தில் நம்மைக் காக்கக் காவலர் உண்டு, வேலி உண்டு, எச்சரிக்கைப் பலகை உண்டு. ஆளில்லாத இடத்தில் நம் அறிவே வேலி. நம் நாணயமே காவல். யாரும் பாராதபோது எடுத்த ரொட்டிக்குக் கணக்கெழுதுவதும், யாரும் தடுக்காதபோது தானே திரும்பி நடப்பதும் ஒரே பண்பின் இரண்டு முகங்கள். அந்தப் பண்பு கைவரப் பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பரந்த வெளி உண்மையில் திறந்திருக்கிறது.