அப்பாவின் பேனாவுக்கு மூங்கில் சட்டை

வளவனூர்ல எங்க வீட்டு மொட்டை மாடி ரூம்ல இருந்து பேசறேன். நடுவுல புதுச்சேரி ரயில் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன வாரம் நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வீட்ல கிடைக்கிற பொருளை வச்சு ஊத்துப் பேனாவை மாத்த முடியுமான்னு. முடியும். நான் ஒண்ணு பண்ணியிருக்கேன். ஆனா அழகுக்காக ஆரம்பிச்ச வேலை இல்ல அது.

எங்க அப்பா பத்திர எழுத்தர். நாப்பது வருஷத்துக்கு மேல ஊர்க்காரங்க நிலம், வீடு, பாகப்பிரிவினை எல்லாம் அவர் கையால எழுதினது. இப்ப கை நடுங்குது. ஆறு மாசம் முன்னாடி ஒரு வங்கிக்குப் போனோம். கையெழுத்து ஒத்து வரலைன்னு சொல்லிட்டு, கவுண்டர்ல இருந்தவர் மை டப்பாவைத் தள்ளி, "பெரியவரே, கைநாட்டு வச்சிடுங்க"ன்னார். அவர் மேல தப்பு இல்ல. அப்பா ஒண்ணும் பேசலை. பணம் எடுக்காமலே வீட்டுக்கு வந்துட்டோம்.

அவரோட பழைய எபோனைட் பேனா ஒண்ணு பீரோவுல இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தேன். பால்பாயின்ட்ல அழுத்தினாத்தான் எழுத்து வரும், நடுங்குற கைக்கு அந்த அழுத்தம்தான் பிரச்சினை. மைப்பேனாவுக்கு அழுத்தமே வேண்டாம், நிப் தாளைத் தொட்டா போதும். கை நடுக்கம் இருக்கறவங்களுக்கு ஸ்பூன், பேனா இதோட கைப்பிடியைத் தடிமனாக்கிக் கொடுக்கறது மருத்துவத்துல வழக்கம்தான். அப்ப இந்தப் பேனாவைத் தடிமனாக்கணும்.

அதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு முட்டாள்தனம். காஞ்சு போன மையைக் கரைக்கறேன்னு பேனாவை வெந்நீர்ல போட்டுட்டேன். கால் மணி நேரத்துல கன்னங்கரேல்னு இருந்த பேனா பாசி நிறத்துக்கு வந்துருச்சு. கந்தக வாடை வேற. எபோனைட்ங்கறது ரப்பர் மரத்துப் பாலும் கந்தகமும் சேர்ந்து இறுகினது. வெயில், வெந்நீர் ரெண்டும் அதுக்கு ஆகாது. பச்சைத் தண்ணியில ஒரு ராத்திரி ஊற வச்சிருந்தா போதும். சொல்லப்போனா அந்தப் பேனாவே ஒரு இயற்கைப் பொருள்தான். ராஜமுந்திரியில ரத்னம் செஞ்ச சுதேசிப் பேனாவுக்குக் காந்தி 1935-ல பாராட்டிக் கடிதம் எழுதினார். திருவள்ளூர்ல ரங்கா பேனாக்காரங்க இன்னிக்கும் கையாலயே எபோனைட்டைக் கடைஞ்சு பேனா செய்றாங்க. ஜப்பான்ல நமிகி கம்பெனி 1920-கள்ல எபோனைட் வெளுக்காம இருக்க அது மேல மரப்பால் அரக்குப் பூசினாங்க. மேல எதையாவது போர்த்தினா என் தப்பும் மறையும்னு எனக்கும் ஒரு கணக்கு இருந்தது.

முதல்ல பனை. எங்க விழுப்புரம் பக்கம் பனைக்கு என்ன பஞ்சம்! பழைய பனஞ்சட்டத்துல ஒரு துண்டு எடுத்துத் துளை போட்டேன். கருப்பு நார் இரும்பு மாதிரி, நடுவுல சோறு பஞ்சு மாதிரி. டிரில் நேரா போகவே மாட்டேங்குது, பக்கத்துல விலகி ஓடுது. விரல்ல ரெண்டு சிலாம்பு ஏறினதுதான் மிச்சம். நல்ல லேத் இருந்தா பனை அருமையா வரும், கையால வேண்டாம்.

மூங்கில்னா கடவுளே துளை போட்டுக் கொடுத்துட்டார். வீட்ல பழைய ஒட்டடைக் கம்பு இருந்தது, பத்து வருஷமா நிழல்ல காஞ்சது. அதுதான் சரியான மூங்கில். பச்சை மூங்கில் காயும்போது சுருங்கி வெடிக்கும், மாவுச்சத்து இருக்கறதால பூச்சி துளைக்கும். புதுசுதான் கிடைக்குதுன்னா ரெண்டு வாரம் தண்ணியில போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி ஊற வச்சு, அப்புறம் நிழல்ல மாசக்கணக்குல காய விடணும். வெயில்ல வைக்கவே கூடாது.

கணுவுக்கு நடுவுல ஹாக்ஸா பிளேடால ரெண்டு துண்டு அறுத்தேன். நீளமானது பேனா உடம்புக்கு, குட்டையானது விரல் பிடிக்கிற கழுத்துக்கு. ஒரே துண்டா மாட்டினா மை ஊத்த மரை திருக முடியாது. உள்பக்கத்தை எலிவால் அரத்தால ராவி, பேனாவைவிட ஒரு மில்லிமீட்டர் பெருசாவே விட்டேன். ஏன்னா வெயில் காலத்துல மூங்கில் காஞ்சு சுருங்கும், இறுக்கமா இருந்தா வெடிச்சிடும். அந்த இடைவெளியில பேனா மேல பருத்தி நூல் சுத்தி, அரக்கு தடவி உள்ள இறக்கினேன். ரெண்டு முனையிலயும் புல்லாங்குழலுக்குக் கட்டுற மாதிரி நூல் கட்டு. இது அலங்காரம் இல்ல, பிளக்காம இருக்கத்தான். 12 மில்லிமீட்டர் பேனா இப்ப 18 ஆயிருச்சு.

மேல பூச அவலரக்கு. தச்சர்கள் ஸ்பிரிட்ல கரைச்சு பாலிஷ் போடுவாங்களே, அதேதான். துணியில தொட்டு மெல்லிசா நாலு கோட்டு, நடுநடுவுல தேஞ்ச உப்புத்தாளால ஒரு தேய்ப்பு. ஸ்பிரிட் பக்கத்துல அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. சூட்டுல அரக்கு இளகும், அதனால சித்திரை மாசத்துல வண்டி டேங்க் கவர்ல பேனாவை வச்சுட்டுப் போகாதீங்க.

மூடிதான் எனக்குப் பிடிச்ச இடம். பழைய ஏணித் துண்டுல கணுவுக்குக் கீழ அறுத்தா, கணுவே மேல்மூடி ஆயிடுது. ஆனா முதல் நாள் காலையில நிப் காஞ்சு போய் எழுதவே இல்ல. மூங்கில் ஈரத்தை இழுத்துடுது. உள்பக்கம் தேன்மெழுகை உருக்கி ஊத்திச் சுழட்டினேன், சரியாப் போச்சு.

மையைப் பத்தி ஒரு வார்த்தை. "கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மையும் நாமே காய்ச்சலாமா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். காய்ச்சலாம், நல்ல கருப்பு வரும். தொட்டு எழுதற பேனாவுக்கு மட்டும் வச்சுக்கோங்க. ஊத்துப் பேனாவுல அது அடியில படியும், ஸ்டீல் நிப்பை அரிக்கும். அதுக்குக் கடை மைதான்.

எதிர்பாராம ஒரு நல்லதும் நடந்தது. மை நேரா உடம்புல ஊத்துற பேனாவுல, மை பாதியாகும்போது கைச்சூட்டுல உள்ள காத்து விரிஞ்சு, சொட்டுன்னு தாள்ல கொட்டும். மூங்கில் போட்டதுக்கப்புறம் சூடு சீக்கிரம் உள்ள போகலை போல, அந்தச் சொட்டு ரொம்பக் குறைஞ்சிடுச்சு.

அப்பாகிட்ட கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, மூடியைக் கழட்டி, கழுத்துத் துண்டுக்கும் உடம்புக்கும் நடுவுல தெரிஞ்ச இடுக்கை உத்துப் பார்த்தார். "கலர் போயிருக்கு. சுடுதண்ணி ஊத்தினியாடா?" அவ்வளவுதான். அப்புறம் ஒரு மாசம், தினமும் சாயங்காலம் பழைய டைரியில கையெழுத்து மட்டும் போட்டுட்டே இருந்தார். முதல் வாரம் எழுத்து எல்லாம் அலை அலையா இருந்தது. பெரிசா, மெதுவாப் போட்டா நிலையா வருதுன்னு அவரே கண்டுபிடிச்சார்.

போன மாசம் அதே வங்கிக்குப் போய், மாதிரிக் கையெழுத்தைப் புதுசா பதிவு பண்ணக் கேட்டோம். படிவத்துல மூணு கட்டம். மூணாவது கொஞ்சம் சாஞ்சிருந்தது. பரவாயில்லன்னு வாங்கிக்கிட்டாங்க.

இப்ப அவருக்கு ஒரே குறை. பேனா உருண்டையா இருக்கறதால மேஜையில வச்சா உருண்டு ஓடுது, ரெண்டு தடவை கீழ விழுந்துருச்சு. கொட்டாங்கச்சியில ஒரு பக்கம் தட்டையா ஒரு வளையம் ராவிட்டிருக்கேன். ரெண்டு உடைஞ்சு போச்சு, மூணாவது கையில இருக்கு. வந்துச்சுன்னா அடுத்த எபிசோட்ல சொல்றேன்.