விரிச்சி கேட்ட நெஞ்சங்கள்



வானொலியில் ஒரு பாடல் ஒலிக்கின்றது. யாரோ, யாருக்காகவோ, என்றோ பாடியது. ஆயினும் அன்று நம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கவலைக்கு மறுமொழிபோல அது வந்து விழுகின்றது. இத்தகைய தற்செயல் ஒற்றுமைகளுக்குப் பொருள் உண்டா?

பழந்தமிழர் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தனர்: விரிச்சி. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் ஒரு காட்சி. தலைவன் போர்ப் பாசறையில் இருக்கின்றான். கார்கால மாலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறஞ் சென்று, நெல்லையும் முல்லைப் பூவையும் தூவி, நற்சொல் கேட்டு நிற்கின்றனர். குளிரில் நடுங்கும் ஆயர்மகள் ஒருத்தி, பசியால் வருந்தும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடும் என்கின்றாள். அவள் பேசியது கன்றுடன். முதுபெண்டிர் அதனைத் தலைவிக்கு வந்த செய்தியாகக் கொள்கின்றனர். சொன்னவள் பொருளை அறியாள். காத்திருந்தவர்களே பொருளைத் தந்தனர்.

இந்தப் பாட்டின் பொருளை நான் பல்கலைக்கழகத்திற் கற்பதற்கு முன்பே ஊரிற் கண்டிருந்தேன். 1990களின் முற்பகுதி, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுப்போம். சுழற்றுவது சிறுவனாகிய என் வேலை. அடுத்த வீட்டு மாமியும் வந்து அமர்ந்திருப்பார். வெளியூர் சென்ற அவர் மகனிடமிருந்து பல மாதங்களாகக் கடிதம் இல்லை. ஒருநாள், வீடு திரும்புதலைப் பற்றிய ஒரு பாட்டு ஒலித்தது.

“கையை விடாதை மோனை. என்ரை பிள்ளை வரப்போறான், அதுதான் இந்தப் பாட்டு வருது” என்றார்.

“மாமி, இது எல்லாருக்கும்தானே கேக்குது” என்றேன் நான், கெட்டித்தனமாக.

“அப்ப எல்லாற்றை பிள்ளையளும் வரட்டும்” என்றார் அவர்.

என் தருக்கத்துக்கு அதைவிட நல்ல மறுமொழியை நான் இன்றுவரை கேட்டதில்லை. அவர் காத்திருந்த கடிதம் மட்டும், நான் அறிய, வரவேயில்லை.

விரிச்சி எப்போதும் ஆறுதலாகவே அமைவதில்லை, குற்றச்சாட்டாகவும் வரும். 1937 ஏப்ரல் 26ஆம் திகதி ஸ்பெயினின் குவெர்னிக்கா நகர்மீது ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அவ்வழிவைப் பிக்காசோ அதே ஆண்டிலேயே ஓவியமாக்கினார். அதன் நெய்யப்பட்ட பிரதியொன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை மண்டபத்தின் வாயிலில் தொங்கியது. 2003இன் தொடக்கத்தில் ஈராக் மீதான போரைப் பற்றி அங்கே பேசப்பட்டபோது, அதனை நீலத் திரையால் மூடினர். தொலைக்காட்சிக் கமராக்களுக்கு வசதியான பின்னணி வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் கொலின் பவல் பெப்ரவரி 5ஆம் திகதி உரையாற்றினார். மறு மாதமே போர் தொடங்கியது. ஸ்பெயினின் தாய்மாருக்காக வரைந்த ஓவியம் பக்தாத்தின் தாய்மாருக்காகவும் பேசும் என்பதை உலகம் அந்தத் திரையாலேயே கண்டுகொண்டது.

ஆகவே, பொருள் உண்டா என்ற வினாவுக்கு என் விடை இது: ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம், அதைக் கேட்கும் நெஞ்சின் துயர் தற்செயலன்று. எனினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முல்லைப்பாட்டிலே நற்சொல் கேட்ட பின்னரும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. இறுதியில் தலைவனின் தேர் வருகின்றது. ஆனால், கன்றிடம் சொன்ன சொல்லால் அது வரவில்லை. போர் முடிந்ததால் வந்தது. நப்பூதனார் ஆறுதலை மறுக்கவுமில்லை, அதனைக் காரணமாக்கவுமில்லை.

காத்திருப்போருக்கு விரிச்சி போதாது, நேயர்களே. எல்லாற்றை பிள்ளைகளும் வரவேண்டும்.