நுவரெலியா ரேஸுக்குப் போகலாமா?

(மாதாந்தக் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஏப்ரல் பிறந்தால் நம் வீடுகளில் நுவரெலியாப் பேச்சுத் தொடங்கிவிடும். புத்தாண்டு விடுமுறை, வசந்த காலக் கொண்டாட்டம், மலர்க் கண்காட்சி, கூடவே ஆளுநர் கிண்ணக் குதிரைப் பந்தயம். "வாப்பா, ரேஸ் பார்க்கப் போவோமா?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வாலிபர்கள் வேன் பேசுகிறார்கள். "நாங்க பெட் பிடிக்கப் போறதில்லையே, சும்மா பார்த்துட்டு வாறதில என்ன பிழை?" என்பது அவர்களுடைய வாதம்.

இது நியாயமான கேள்வி. "ஹராம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பிள்ளை வாயைத்தான் மூடும், மனதிலுள்ள கேள்வி அப்படியே இருக்கும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, குதிரை ஓட்டம். அதில் குற்றமில்லை. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். பழக்கி உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு மைல் தூரம். பழக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவு. அந்தப் போட்டியில் ஓடியவர்களில் இப்னு உமர் (ரழி) அவர்களும் ஒருவர். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி இருக்கிறது. ஒவ்வொரு குதிரையின் பலத்துக்கும் ஏற்ப தூரத்தைப் பிரித்த அந்த நியாயத்தையும் கவனியுங்கள்.

பரிசு கொடுப்பதற்கும் வழி இருக்கிறது. ஆட்சியாளரோ வெளியார் ஒருவரோ வென்றவருக்குப் பரிசு தரலாம். போட்டியாளர் இருவரில் ஒருவர் மட்டும் "நீ வென்றால் இதைத் தருகிறேன்" என்று சொல்லலாம். இருவரும் பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வது என்றால் அது சூதாகிவிடும். இவையெல்லாம் ஓடுகிறவர்களுக்கான சட்டம். ஓடாமல், குதிரை வளர்க்காமல், ஓரத்தில் நின்று "எது முந்தும்" என்று பணம் வைப்பவர் இந்த அனுமதி எதற்குள்ளும் வரமாட்டார்.

இரண்டாவது, சூது. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆவது வசனம் மதுவையும் சூதையும் பற்றிப் பேசுகையில், அவற்றில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தப் பயனைவிடப் பாவம் பெரியது என்று தீர்ப்புச் சொல்கிறது. என்ன பயன்? அன்றைய அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கிப் பங்கு பிரிப்பார்கள். வென்றவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஏழைக்குச் சாப்பாடு போட்ட சூதைக்கூட அல்லாஹ் அனுமதிக்கவில்லை. "வென்றால் பள்ளிக்குக் கொடுப்பேன், ஒரு பகுதியை ஸதகா செய்வேன்" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆவது வசனங்கள் முழுமையாகத் தடுத்தன. அங்கே காரணமும் சொல்லப்படுகிறது: பகையும் வெறுப்பும் வளரும், அல்லாஹ்வின் நினைவும் தொழுகையும் விடுபட்டுப்போகும்.

மூன்றாவது, கணக்கு. மார்க்கத்தைச் சற்று ஒதுக்கிவைத்துக் கடைக்காரர் போலக் கணக்குப் பார்த்தாலும் இது நட்ட வியாபாரம்தான். சம பலமுள்ள நான்கு குதிரைகள் ஓடுகின்றன என்று வையுங்கள். நான்கு பேர் ஆளுக்கு 100 ரூபாய், ஒவ்வொரு குதிரையில் ஒவ்வொருவராக வைக்கிறார்கள். மொத்தம் 400 ரூபாய். நியாயமாக, வென்றவருக்கு 400 வரவேண்டும். புக்கிக்காரர் "ஒன்றுக்கு இரண்டு" என்று விலை போட்டிருப்பார். வென்றவர் தன் 100ஐயும் சேர்த்து 300 பெறுவார். எந்தக் குதிரை வென்றாலும் 100 ரூபாய் புக்கிக்காரர் மேசையில் தங்கிவிடும். மிஞ்சிய 300ஐயும் அந்த நான்கு பேர் சமமாகப் பிரித்து அடுத்த ஓட்டத்தில் இதே மாதிரி வைத்தால் 225 திரும்பும். பிறகு 169, பிறகு 127. ஐந்தாவது ஓட்டம் முடிகையில் நான்கு பேர் கையிலும் சேர்த்து 95 ரூபாய். கொண்டுவந்த பணத்தில் கால்வாசிகூட இல்லை. உண்மையான விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அடிப்படை இதுதான். "எனக்குக் குதிரையைப் பற்றித் தெரியும்" என்பவரும் இந்த அடிப்படைக்குள் நின்றுதான் விளையாடுகிறார். ஒருவர் வெல்வது மற்றவர் வீட்டு அரிசிப் பணம்.

நான்காவது, "பெட் பிடிக்காமல் பார்த்துவிட்டு வருகிறோம்" என்ற வாதம். அந்த நாளின் நேரத்தை அளந்து பாருங்கள். ஓர் ஓட்டம் இரண்டு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. ஆறு ஓட்டம் நடந்தால் குதிரை ஓடுவதைப் பார்ப்பது மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மற்ற நேரமெல்லாம் இடைவேளை. அந்த இடைவேளையில்தான் பந்தயப் பணம் கை மாறுகிறது. அந்த நேரத்தில் பிள்ளை எதைப் பார்க்கும்? யார் எந்தக் குதிரையில் வைத்தார், யாருக்கு விழுந்தது, யார் தாளைக் கிழித்தெறிந்தார் என்பதைத்தான். வீட்டுக்கு வந்தபின் "நானும் அந்த வெள்ளைக் குதிரைன்னுதான் சொன்னேன், வச்சிருந்தா வென்றிருப்பேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பணம் வைக்காமலே பாடம் படித்துவிட்டது என்று அர்த்தம்.

பந்தய நாளில் மது பரிமாறுவதும் பல நாடுகளில் இந்த விளையாட்டோடு ஒட்டிய வழக்கம். மது பரிமாறப்படும் விரிப்பில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர் குடிக்காவிட்டாலும் இந்த எச்சரிக்கையை மறக்கக்கூடாது.

இனிப் பயணச் செலவு. நம் பக்கமிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும் பாதை சாதாரண நாளிலேயே வளைவு நிறைந்தது. ஏப்ரலில் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும், அறை வாடகை ஏறும், பின்னேர மழை வேறு. பந்தயம் பகல் வேளையில் நடக்கும். அந்த நெரிசலில் பெண்களுக்கு வுழூச் செய்ய இடமிருக்குமா, கைக்குழந்தையை எங்கே வைத்திருப்பது என்பதையும் வேன் பேசும் வாலிபர்கள் யோசிக்க வேண்டும். 2023இல் ஏப்ரல் விடுமுறை ரமழானுக்குள்ளேயே வந்தது நினைவிருக்கும். நோன்பாளி போக வேண்டிய இடமா அது?

எனவே என் ஆலோசனை இது: நுவரெலியாவுக்குப் போங்கள், ரேஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பந்தய நாளைத் தவிர்த்து வேறொரு நாளைத் தெரிவுசெய்யுங்கள். 1873இல் வெட்டப்பட்ட கிரகறி வாவி இருக்கிறது. சின்கோனா பயிரிட 1861இல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்கா இருக்கிறது. விக்டோரியா பூங்கா இருக்கிறது. பிள்ளைக்குக் குதிரைதான் ஆசை என்றால் வாவிப் பக்கம் சவாரிக் குதிரைகள் நிற்கும். ஏற்றுவதற்கு முன் குதிரையின் முதுகில் புண் இருக்கிறதா, களைத்திருக்கிறதா என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் ஏற வேண்டாம். வாயில்லாப் பிராணியின் உரிமையை அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. நுவரெலியா ரேஸ் வருடத்தில் சில நாள். ஊர்ச் சந்தியிலுள்ள ரேஸ் புக்கியோ அப்படியல்ல, அங்கே இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கும் பணம் வைக்கலாம். இப்போது கைபேசியிலேயே வைக்கலாம். குடும்பங்கள் உடைவது இங்கேதான். சம்பள நாளன்று பணம் குறைந்து வருவது, நகை அடகுக்குப் போவது, காரணம் சொல்லாமல் கைமாற்று வாங்குவது, இவற்றைக் கண்டால் தாய்மாரே, மனைவிமாரே, மானத்துக்குப் பயந்து மூடி மறைக்காதீர்கள். கடன் வளர்ந்தபின் மறைக்கவும் முடியாது.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர். பாவமான காரியத்துக்காகக் கடன்பட்டவருக்கு அந்தப் பங்கில் கொடுக்கலாமா என்பதில் நம் ஷாபிஈ மத்ஹபு அறிஞர்கள் சொல்வது: அவர் தௌபாச் செய்து திருந்தினால் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தில் எவ்வளவு இரக்கம் இருக்கிறது பாருங்கள். விளையாட்டுத் தொடர அவர் கையில் பணம் கொடுப்பதில்லை. திரும்பி வந்தவருக்குக் கதவை மூடுவதுமில்லை. அப்படி ஒருவர் வந்தால் அறக்கட்டளை அவருடைய பெயரைக் காக்க வேண்டும், கடன் கொடுத்தவரோடு நேரடியாகப் பேசித் தீர்க்க வேண்டும். உறவினர்களும் "அப்பவே சொன்னோமே" என்று குத்திக்காட்டக் கூடாது.

நண்பனிடம் "வா, சூதாடுவோம்" என்று வாயால் சொன்னவர்கூட அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். வெறும் அழைப்புக்கே அப்படியென்றால், செயலின் பாரத்தை நாம் உணரலாம். இந்த ஏப்ரலில் ரேஸ் டிக்கெட்டுக்கென்று எடுத்துவைத்த பணம் வீட்டில் இருந்தால், பிள்ளைகளின் கையாலேயே அதை ஸதகாப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எதற்காகப் போடுகிறோம் என்பதையும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, பரக்கத்தைத் தருவானாக. கடனில் தவிக்கும் குடும்பங்களின் சுமையை இறக்கிவைப்பானாக. ஆமீன்.

வஆகிறு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.